அட்டையில் இடம் பற்றாத வரி

அந்த வீட்டில் எந்த முடிவும் பிஸ்கட் டப்பாவைக் கேட்காமல் எடுக்கப்பட்டதில்லை. டப்பா நிறைய விரல் நீள அட்டைகள், அட்டைக்கு ஒரு வசனம். ஜெபித்துவிட்டுக் கண்ணை மூடி ஒன்றை உருவ வேண்டும். வந்ததுதான் கர்த்தரின் பதில். அப்பீலே கிடையாது.

அன்று காலை மகள் டப்பாவைத் தொட மாட்டேன் என்றாள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்ததால் தெருவில் அவளுக்கு 'டிகிரி' என்றே பெயர். தண்ணீர் கேன் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை.

"ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணிட்டேம்மா. ரெண்டு தடவையும் கிருமி. மேனேஜர் சுத்தம்னு கையெழுத்து போடச் சொல்றாரு. பத்து மணிக்கு லாரி கெளம்புது, ஆஸ்பத்திரிக்கு."

"போடலன்னா?"

"வேலை போயிடும்."

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. அப்பா போன பிறகு அந்த ஒரு சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. "எடுடி, ஆண்டவர் பேசுவார்" என்று டப்பாவை நீட்டினாள்.

எடுத்தாள். கர்த்தர் உனக்காகப் போராடுவார், நீ சும்மாயிரு என்கிற வசனம்.

"பாத்தியா! சும்மா இருன்னு சொல்லிட்டாரு. கையெழுத்தப் போட்டுட்டு வாயை மூடிட்டு வா."

மகள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தள்ளிக் கட்டியபோதும் இதே அட்டை. கல்லூரியில் ஒருத்தன் கையைப் பிடித்து இழுத்தபோதும் இதே அட்டை. மூலை மட்டும் லேசாக மடங்கியிருந்தது; டப்பாவுக்குள் மற்றவற்றைவிட ஒரு நூல் உயரமாக நின்றதும் இதுதான்.

"அம்மா, கர்த்தரைச் சீட்டுக்கட்டு மாதிரி குறி போட்டு வச்சிருக்கியா?"

அம்மா அடுப்பைப் பார்த்தாள். "உங்கப்பாவுக்கு வாயத் தொறந்துதான் வேலை போச்சு. நீயும் தொறந்துட்டா? பயம்டி. எனக்கு எப்பவும் பயம்."

மகளுக்குச் சுரீரென்று வந்த கோபம் பாதியிலேயே நின்றது. நேற்று முழுக்க மேனேஜரை மனதுக்குள் கிழித்துக்கொண்டிருந்தாளே, அதற்கு அடியில் இருந்ததும் இதே பயம்தான். மூலை மடங்கியிருந்தது விரலில் தட்டியபோதே அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் உருவினாள். பழி கர்த்தர் மேல் போகட்டும் என்று.

வெட்கமாக இருந்தது. வேதாகமத்தை எடுத்து அந்த வசனம் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்தாள். முன்னால் கடல், பின்னால் துரத்தி வரும் படை, நடுவில் அலறும் ஜனங்கள். சும்மாயிருங்கள் என்று அவர்களை அழைத்துப் போகும் மோசே சொல்லி முடிப்பதற்குள், அடுத்த வரியில் கடவுளே குறுக்கிடுகிறார்: என்னிடம் ஏன் முறையிடுகிறாய், ஜனங்களை நடக்கச் சொல்.

"அட்டையில இடம் பத்தலம்மா. மீதி இங்க இருக்கு."

கடைசியில் கடல் பிளந்து வழிவிடும் கதை என்பது அம்மாவுக்குத் தெரியும். எட்டிப் பார்த்தாள். "அதுக்குள்ள கடல் பொளந்துடுச்சா?"

"இன்னும் இல்ல. முதல்ல நடக்கத்தான் சொல்றாரு."

அம்மா அந்த வரியின் மேல் விரலை ஓட்டினாள். பிறகு டிபன் பாக்ஸை மூடி மகளின் கையில் திணித்தாள். "வேலை போனாலும் மத்தியானம் பசிக்கும்ல."

மேனேஜர் அறையில் தாளும் பேனாவும் தயாராக இருந்தன. அவள் பேனாவைத் தொடவில்லை. ஆண்டவரே, நடக்குறேன், மிச்சத்தை நீங்க பாத்துக்கங்க. அவ்வளவுதான் ஜெபம்.

"தண்ணி சரியில்ல சார். போட மாட்டேன்."

"படிச்ச திமிரா?"

"இதுக்குத்தான் சார் படிச்சேன்."

அவர் ஜன்னல் வழியே லாரியைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்குக் கீழே அவருக்கும் ஒரு கோடு இருந்தது.

"நீ போடலன்னா நானும் போட முடியாது, இல்ல?"

"முடியாது சார்."

"அப்பாடா!" என்றது அவர் வாய். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலாளிக்குப் போன் போட்டார். "லேப்ல மாட்டேங்குறாங்க சார்... ஆமா சார், ஒரே பிடிவாதம்." மறுமுனையின் கத்தல் அறை முழுக்கக் கேட்டது. கடைசியில், ஃபில்டரைத் திறந்து பார்க்க உத்தரவு. திறந்தார்கள். உள்ளே ரப்பர் வளையம் பிய்ந்து கிடந்தது. லாரியில் ஏற்றிய கேன்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

"சார், என் வேலை?"

"முதலாளி இன்னைக்குக் கத்துனாரு. நாளைக்கும் கத்துவாரு. நீ எட்டு மணிக்கு வந்துடு."

கழுவும் தொட்டிப் பக்கம் போய் நின்று அழுதாள். தோளிலிருந்து மூட்டை இறங்கியது போல இருந்தது. பசித்தது. டிபன் பாக்ஸை வழித்துத் தின்றாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததுமே மூச்சை விட்டாள். கையில் அந்த அட்டை. மடங்கிய மூலை நீவி விடப்பட்டிருந்தது. பின்பக்கத்தில் பேனாவால் கோணல்மாணலாக அடுத்த வரி. போகப் போக எழுத்து சிறுத்து, கடைசி வார்த்தை விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"இடம் பத்துச்சுடி" என்றாள் அம்மா.