மாமாவின் நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் அவருக்கு டாக்டர் என்று பெயர். படித்து வாங்கிய பட்டம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கின் முதுகில் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி அரை நிமிஷம் கேட்பார். பிறகு, "பிழைச்சுக்கும்" என்பார். இல்லையென்றால், "உள்ள இருக்கறதையெல்லாம் இப்பவே காப்பி எடுத்துக்குங்க, இது இந்த வாரம் தாண்டாது" என்பார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் நாள் குறித்த டிஸ்க் ஒன்றுகூட அவர் பேச்சைத் தட்டியதில்லை. கடையில் இருந்த மற்ற இருவரும் திரையில் ஓடும் எழுத்தைப் படித்துக் கோளாறு சொல்பவர்கள். "லேப் ரிப்போர்ட் வந்தாத்தான் இவனுங்களுக்குக் காய்ச்சலே தெரியும்" என்று அவர்களைச் சீண்டுவது டாக்டருக்குப் பொழுதுபோக்கு.

அந்தக் காதுதான் போய்க்கொண்டிருந்தது. வலது காது சுத்தமாகப் போய் மூன்று வருஷம். இடது காதில் ஏதோ மிச்சம் இருந்தது. யாரிடமும் அவர் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. கடை முதலாளி அவருக்குச் சம்பளம் கொடுப்பதே அந்தக் காதுக்குத்தான் என்பது அவர் எண்ணம். பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வார், மீதிக்கு "ஆமா, ஆமா" என்று தலையாட்டிவிடுவார். அப்படி ஆட்டிய தலையால் ஒருமுறை வீட்டுக்கு இரண்டு பூனைக்குட்டிகள் வந்து சேர்ந்தன. அதுவரை பெரிய சேதம் எதுவும் ஆகவில்லை என்பதால் அவரும் திருந்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்கா வீட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். பைக்குள் லேப்டாப், கேபிள்கள், லினக்ஸ் என்ற புது சிஸ்டம் பதிந்த ஒரு டிவிடி.

அக்காவின் கணவர், டாக்டருக்கு மாமா, முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவர் போட்ட அதட்டலில் பாதி ஊர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி. ஆபரேஷன் செய்தால் உயிர் தங்கும், குரல் தங்காது என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன் கிடைத்த இரண்டு வாரத்தில் மாமா மைக்கின் முன் உட்கார்ந்து, இனி வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும் என்று தோன்றியதையெல்லாம் பேசிப் பதிந்தார். "தண்ணி சூடா வேணும்." "யாரு வந்திருக்கா?" "ஃபேனைக் குறை." "இன்னிக்கு உன் முட்டி வலி எப்படி இருக்கு?" கோபத்துக்கு எட்டு, சமாதானத்துக்குப் பதினொன்று. ஒரு வேடிக்கைக்கு, "பிரேக்கைப் பிடி, பிரேக்கைப் பிடி!" மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. டாக்டர்தான் ஒவ்வொன்றையும் ஒரு பொத்தானில் கோத்துக் கொடுத்தார். முன்னறையில் மாமா பொத்தானை அழுத்துவார். பழைய குரல், "இந்தா, உன்னைத்தான்" என்று கூப்பிடும். பின்கட்டிலிருந்து அக்கா, "வரேன் வரேன், தலையா போகுது?" என்று பதில் கொடுப்பாள். வாசலில் நிற்பவர்களுக்கு அந்த வீட்டில் ஏதோ குறை என்றே தெரியாது.

அந்தக் குரல் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. "இன்னொரு காப்பி எடுத்து வெச்சிடறேன்க்கா" என்று டாக்டர் சொல்லியும் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று அது போய்க்கொண்டே இருந்தது.

போன வாரம் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. பழைய சிஸ்டம் கெட்டுப்போயிருந்தது. டாக்டர் கணக்குப்படி இது சில்லறை வேலை. ஹார்ட் டிஸ்க் இரண்டு பாகமாகப் பிரிந்திருந்தது. ஒன்றில் சிஸ்டம், மற்றதில் மாமா. முதல் பாகத்தை அழித்து லினக்ஸ் போட வேண்டும், இரண்டாவதைத் தொடவே வேண்டாம். நாற்பது நிமிஷம்.

"அவர் பேசினதை முதல்ல எடுத்து வெச்சுக்கிட்டு அப்புறம் ஆரம்பியேன்டா தம்பி" என்றாள் அக்கா. முகத்துக்கு நேரே நின்று சொன்னதால் டாக்டருக்கு விளங்கியது.

"டிஸ்க்கைக் கேட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்க்கா. நல்லா இருந்தா எதுக்கு வீணா ரெண்டு மணி நேரம்?"

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மின்சாரம் கொடுத்து, ஸ்க்ரூடிரைவரை வைத்து, கைப்பிடியை இடது காதில் அழுத்தினார். கெட்ட டிஸ்க் என்றால் டக் டக்கென்று தட்டும். தட்டல் எதுவும் கேட்கவில்லை. நல்ல டிஸ்க் என்றால் மெல்லிய ரீங்காரம் இருக்கும். அந்த ரீங்காரமும் கேட்கவில்லையே என்று உள்ளே ஒன்று முனகியது. அதற்கும் ஆமா ஆமா என்று தலையாட்டிவிட்டு எழுந்தார்.

"கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

அக்கா நம்பினாள். தம்பி சொன்ன பிறகு மறுபேச்சு என்ன?

டிவிடியைப் போட்டு ஆரம்பித்தது ஒன்பதரைக்கு. பதினொரு மணிக்குத் திரையில் பதினொரு சதவீதம் என்று இருந்தது. நத்தைகூட இதற்குள் தெருமுனைக்குப் போய்த் திரும்பியிருக்கும். டாக்டர் டிவிடியின் மேல் சந்தேகப்பட்டார். அவசரத்தில் உச்ச வேகத்தில் பதிந்த டிவிடி, சில டிரைவ்கள் அதைத் திக்கித் திணறித்தான் படிக்கும். அனுபவம் உள்ள யாரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

மாமா சன்னலோர நாற்காலியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஒரு வாரமாக அவர் பேச்செல்லாம் அதில்தான். எதையோ எழுதி, எழுந்து வந்து டாக்டரின் தோளைத் தொட்டு நீட்டினார்.

"உள்ளே டக் டக் என்று ஒரு சத்தம் வருகிறதே, என்ன அது?"

டாக்டர் அதை இரண்டு தரம் படித்தார். பெட்டியைப் பார்த்தார். காதைத் தீட்டினார். பஞ்சு அடைத்ததுபோல் ஒரு மௌனம்தான் இருந்தது. மாமா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை போதும். 'எனக்குக் கேக்கலையே மாமா' என்று சொன்னால் தீர்ந்தது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கும் பதில் சொல்ல வேண்டும், நாளைக்கு அது கடை வரைக்கும் போகும்.

"எனக்கும் கேக்குது மாமா" என்றார் டாக்டர். "டிவிடி சுத்தற சத்தம்தான். பயப்படாதீங்க."

மாமா பெட்டியை இன்னொரு தடவை பார்த்தார். காரின் சத்தத்தை வைத்தே எந்த கியரில் போகிறது என்று சொல்லும் மனிதர் அவர். இருந்தாலும் இது மச்சானின் தொழில். தலையசைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு டாக்டர் தன் வித்தை முழுவதையும் இறக்கினார். லேப்டாப்பில் புது டிவிடி ஒன்றை நிதானமான வேகத்தில் பதிந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். ஆறு சதவீதத்தில் நின்றது. டிவிடி டிரைவையே கழற்றி, பையிலிருந்த வேறொன்றை மாட்டினார். கேபிளை மாற்றினார். மெமரியைப் பிடுங்கித் துடைத்துத் திரும்பச் செருகினார். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து. ஒவ்வொரு தடவையும் அந்த நீலக்கோடு கொஞ்சம் நகர்ந்து, அப்படியே உட்கார்ந்துகொண்டது. அக்கா சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தாள், ஆறியதை எடுத்துப் போனாள். பெட்டி மட்டும் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு முப்பத்துநாலு சதவீதம். மாமாவின் சுட்டுவிரல் நாற்காலியின் கைமேல் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, மீண்டும் இரண்டு தட்டு. கண்கள் டாக்டர் மேலேயே. கார் கற்க வந்தவனை முறைப்பதுபோல் இருந்தது. டாக்டருக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"மாமா, நான் என்ன சும்மாவா உக்காந்திருக்கேன்? நீங்க அப்படித் தட்டிக்கிட்டே இருந்தா எனக்கு வேலை ஓடாது."

விரல் நின்றது. மாமா கையை மடியில் வைத்துக்கொண்டார். வாயில்லாத மனிதரை அதட்டிவிட்டோமே என்று டாக்டருக்கு உறுத்தியது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க அவர் எழவில்லை. பெரிய மனுஷத்தனம் அவருக்கு அன்றைக்குக் கைவசம் இல்லை.

நாலு மணிக்கு வேறு வழியில்லாமல், எந்த வேலையைக் கடைப் பையன்களின் வேலை என்று நக்கல் அடிப்பாரோ அதைச் செய்தார். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி, இன்ஸ்டால் ஆகும்போது பின்னணியில் ஓடும் எழுத்துகளைத் திரைக்குக் கொண்டுவந்தார். கறுப்புத் திரையில் வரிசை வரிசையாகப் பிழைச் செய்தி. டிவிடி டிரைவுக்கு ஒரு பெயர் உண்டு, ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு பெயர் உண்டு. வரிக்கு வரி இருந்தது ஹார்ட் டிஸ்க்கின் பெயர். படிக்க முடியவில்லை, மறுபடி முயல்கிறேன், படிக்க முடியவில்லை, மறுபடி முயல்கிறேன். முதல் வரிக்குப் பக்கத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தார். தொடங்கிய இரண்டாவது நிமிஷத்திலேயே வந்த செய்தி.

டாக்டர் பெட்டிக்குள் கையை விட்டு ஹார்ட் டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். காது சொல்லாததைக் கை சொன்னது. இரண்டு துடிப்பு, ஒரு இடைவெளி, மீண்டும் இரண்டு துடிப்பு.

நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். மாமா மடியிலிருந்த கையை எடுத்து நாற்காலியின் மேல் வைத்து, ஒரே ஒரு தடவை தட்டிக் காட்டினார். டக் டக்.

மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டார் டாக்டர்.  ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, லேப்டாப்போடு ஒரு கேபிளில் இணைத்தார். அது சுழன்றது. மாமாவின் பாகம் திறந்தது. ஒவ்வொரு கோப்பாக இழுத்தார். ஒன்று வந்தது. இரண்டு வந்தது. ஒன்பதாவது வந்த பிறகு, டிஸ்க்கின் மேல் வைத்திருந்த உள்ளங்கையில் ஏதோ கரகரவென்று உரசியது, அப்புறம் துடிப்பே இல்லை. லேப்டாப் அப்படி ஒரு டிஸ்க்கே இல்லை என்றது.

உள்ளே என்ன நடந்திருக்கும் என்று டாக்டருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. டிஸ்க்கைப் படிக்கும் ஊசி இறங்கி, எல்லாம் பதிந்திருக்கும் வட்டத் தட்டைச் சுரண்டியிருக்கும். ஆறரை மணி நேரம் அதை விடாமல் ஓடவிட்டுச் சுரண்டவைத்தது அவர்தான். சுரண்டிய தட்டிலிருந்து, கெட்ட டிஸ்க்கை மீட்டுத் தரும் பெரிய லேபுகளாலும் எதையும் எடுக்க முடியாது. கடையிலிருந்து அனுப்பி, வெறுங்கையாகத் திரும்பி வந்த டிஸ்க்குகளை அவரே பிரித்துப் பார்த்திருக்கிறார். காலை ஒன்பதரைக்கு நிறுத்தியிருந்தால் நானூற்றுப் பன்னிரண்டும் வந்திருக்கும். பதினொரு மணிக்கு நிறுத்தியிருந்தால்கூட முக்கால்வாசி வந்திருக்கும்.

"எத்தனை கெடைச்சுது?" என்றாள் அக்கா.

"ஒம்பது."

அக்கா லேப்டாப்பின் முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழுத்தினாள். பெயரைத் திரையில் பார்த்துத்தான் டாக்டருக்கு எது ஓடுகிறது என்று தெரிந்தது. தண்ணி சூடா வேணும். ஃபேனைக் குறை. யாரு வந்திருக்கா. பிரேக்கைப் பிடி. அந்த இடத்தில் அக்காவின் உதடு சிரிக்கப் போய் நின்றுவிட்டது. ஒன்பதும் முடிந்தன. பத்தாவது ஏதாவது இருக்குமா என்று கீழே தேடினாள்.

"இந்தா உன்னைத்தான் இல்லையாடா?"

டாக்டர் தலையை ஆட்டினார். இல்லை என்று ஆட்டினார்.

அக்கா எழுந்து மாமாவிடம் போனாள். அவர் மடியிலிருந்த நோட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினாள். ஓரிடத்தில் கண் நின்றது. திரும்பி, டாக்டரின் முகத்துக்கு நேராக நோட்டைப் பிடித்தாள்.

"காலைலயே இவர் எழுதிக் காட்டியிருக்காரே. சத்தம் வருதுன்னு. நீ என்னடா சொன்ன?"

 டிவிடியின் மேலும் டிரைவின் மேலும் கேபிளின் மேலும் பழியைப் போட்ட வாய்க்கு, மிச்சமிருந்த ஒரே ஒரு இடத்தைக் காட்ட முடியவில்லை. அக்கா அவரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, லேப்டாப்புக்கே திரும்பிப்போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவள் தோள் குலுங்கியது.

மாமா நோட்டை எடுத்துக்கொண்டார். நிதானமாக எழுதினார். திட்டுதான் என்று டாக்டர் நினைத்தார், திட்டினால் தேவலை என்றும் நினைத்தார். நோட்டு கைக்கு வந்தது.

"எத்தனை நாளாகக் காது கேட்கவில்லை?"

அதன் கீழே, ஒரு வரி விட்டு இன்னொன்று.

"எனக்கு வாய் இல்லை. உனக்கு இருந்ததே, சொல்லியிருக்கலாமே."

டாக்டர் அதைப் படித்தார். மாமாவின் கண்ணில் கோபம் இருக்குமா என்று தேடினார். இருந்தது. அதோடு இரண்டு வருஷமாக அவரே சுமந்துகொண்டிருக்கும் ஏதோ ஒன்றும் இருந்தது. அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

"மூணு வருஷமா மாமா" என்றார், மாமாவுக்கு மட்டும் கேட்கும்படி, ரகசியம்போல.

அக்கா திடுக்கிட்டு எழுந்து நின்றதையும், தெருவில் போன ஒருவர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்ததையும் கண்ட பிறகுதான் தான் கத்தியிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது.