பெட்டிக்கு அடியில் இருந்த பலகை

அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசி நாலு வருஷம் ஆகிறது. ஆனாலும் அப்பா விட்டுப்போன பாய்மரப் படகில் மட்டும் சேர்ந்தே போனார்கள். பாயை ஏற்ற இரண்டு பேர் வேண்டும்; இந்தச் சிடுமூஞ்சிகளோடு வேறு யார் ஏறுவார்கள்?

சண்டையே மேல்தளத்தால்தான். அதன் தேக்குப் பலகைகளைப் பதித்தவன் தம்பி. தளம் ஒழுகி, கீழே அண்ணனின் படுக்கை நனைந்ததும் அவர் வாயை விட்டுவிட்டார். இப்போது பழைய பலகைகளைப் பெயர்த்துப் புதிது போட வேண்டும். வேலை தொடங்குமுன்பே பேசி முடித்தாயிற்று. தம்பி பதித்ததில் கோளாறு என்றால் படகு அண்ணனுக்கு. இல்லையென்றால் தம்பிக்கு.

காலையிலிருந்து பெயர்த்த பலகையெல்லாம் தேய்ந்து மெலிந்திருந்தது. திருகாணித் தலைகள் வெளியே பல்லிளித்தன. அந்தத் திருகாணி ஓட்டைகள் வழியே நீர் இறங்கி, பலகையைத் தாங்கும் அடிமரம் சோறாய்க் குழைந்து கிடந்தது.

"பாத்தியா உன் வேலை லட்சணத்த?"

"எனக்கும் கண்ணு இருக்கு." உளியைத் தீட்டுவதற்காகத் தம்பி படகின் பின்பக்கம் போய் உட்கார்ந்தான்.

அண்ணன் முன்தளத்தில் இருந்த கயிறு வைக்கும் பெட்டியைக் கழற்றினார். அடியில் இருந்த குட்டைப் பலகை, போட்ட அன்றைய கனத்திலேயே இருந்தது. ஒரு திருகாணிகூட வெளியே தெரியவில்லை. அடிமரம் காய்ந்து கிடந்தது. வாராவாரம் முரட்டு பிரஷ்ஷால் தளத்தைப் பளபளவென்று தேய்த்தவர் அவர்தான். பிரஷ் போகாத ஒரே இடம் இந்தப் பெட்டியின் அடி. தேக்கைத் தேய்த்தே தின்றிருக்கிறார்.

கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். மனசு வரவில்லை. பலகையை நெம்பி எடுத்து, சத்தமில்லாமல் தண்ணீரில் விட்டார்.

அது முழுகவில்லை. படகை ஒட்டியே ஆடி அசைந்து, பின்பக்கம் உட்கார்ந்திருந்தவன் காலடிக்குப் போய்ச் சேர்ந்தது.

தம்பி அதை எடுத்து வந்து மெலிந்த பலகையின் பக்கத்தில் வைத்தான். பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தான்.

"படகு உனக்கே இருக்கட்டும்ணே."

"என்னடா சொல்ற?"

"தேச்சத மன்னிச்சிருவேன். திருட்டுத்தனமா தண்ணியில போட்டியே, அத மன்னிக்க மாட்டேன். இத்தன வருஷம் படகு ஓட்டியும் தேக்கு மிதக்கும்னு தோணலையே உனக்கு! உன்ன நம்பி நான் கடலுக்கு வரமாட்டேன்."

உளியைப் பையில் போட்டுக்கொண்டு கரையேறினான். திரும்பிப் பார்க்கவில்லை.

படகு முழுசாக அண்ணனுடையதாகிவிட்டது. பாயை ஏற்ற இன்னொரு ஆள்தான் இல்லை.