மிஸஸ் கார்வெல்லின் ஆயா சொன்னது

1947 தை மாதம் திருத்தணி மிஷன் பள்ளிக்கூடத்துக்கு மிஸ் ஹாலோவே என்ற வெள்ளைக்கார அம்மாள் வந்தாள். ஆங்கில நாவலாசிரியைகளின் வாழ்க்கைச் சரித்திரங்களை எழுதிப் பேர் வாங்கியவள். இப்போது எழுதிக்கொண்டிருந்தது மிஸஸ் கார்வெல் பற்றி. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன், ரயில்வே இன்ஜினீயரின் மனைவியாக இந்த ஊர் பங்களாவில் இருந்தபோதுதான் மிஸஸ் கார்வெல் தன் பெரிய நாவலை எழுதினாள். அதில் ஒரு குழந்தை சாகிற அத்தியாயத்தைப் படித்து அழாதவர்கள் இங்கிலாந்தில் இல்லை என்பார்கள்.

அந்த பங்களாவில் ஆயாவாக இருந்த ரஞ்சிதம் இன்னும் இருந்தாள். மலைப்படி அடியில் நீர்மோர் விற்றுப் பிழைத்தாள். அவள் பேச்சை இங்கிலீஷில் சொல்லச் சற்குணம் டீச்சரைப் போட்டார்கள். "சென்னைக் கல்லூரி முதல்வர் என் சிநேகிதி. உனக்காக எழுதுகிறேன்" என்று மிஸ் முதல் நாளே சொல்லிவிட்டாள். மேலே படிக்க ஆறு வருஷமாக வழி தேடிக்கொண்டிருந்த சற்குணம் அன்று இரவே தன் சான்றிதழ்களைத் தேடி எடுத்து வைத்தாள்.

பள்ளி வராந்தாவில் நாற்காலி போட்டும் ரஞ்சிதம் தரையில்தான் உட்கார்ந்தாள்.

"அந்த அத்தியாயம் எப்படிப் பிறந்தது என்று கேள்" என்றாள் மிஸ்.

சற்குணம் கேட்டாள். ரஞ்சிதம் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"சொல்றேன் கண்ணு. எம்பொண்ணு கமலாவுக்கு வாந்திபேதி கண்டுச்சு. மூணு வயசு. வூட்லேருந்து ஆள் வந்து சொன்னான். போறேன் தொரசானின்னேன். நான் எழுதற கதை முடியற நேரம், எங்க பாப்பாவை யாரு பாத்துக்கறது, ரெண்டு நாள் பொறுன்னாங்க. மூணாம் நாள் போனேன். பொதைச்சிட்டு வந்துகினு இருந்தாங்க. நான் திரும்பி வந்ததும் தொரசானி உக்கார வெச்சு, கொயந்தை எப்படிக் கெடந்துச்சு, என்னா கேட்டுச்சுன்னு ஒண்ணொண்ணா கேட்டாங்க. எங்கம்மா எங்கேன்னு கேட்டுகினே இருந்துச்சாம், எங்க நாத்தனார் சொன்னா. அதையும் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல எழுதிகினாங்க."

மிஸ் பென்சிலோடு காத்திருந்தாள். மிஸஸ் கார்வெல்லை அவள் தெய்வமாக வைத்திருந்தது அந்த முகத்திலேயே தெரிந்தது. சற்குணம் சென்னையை நினைத்தாள்.

"அந்தச் சமயம் இவள் குழந்தை காலராவில் இறந்துபோனது. அம்மையார் இவளை உட்காரவைத்து ஆறுதல் சொன்னாராம். இவள் துக்கத்தைக் கேட்டுத்தான் எழுதினாராம்" என்றாள் இங்கிலீஷில்.

மிஸ்ஸின் கண் கலங்கியது.

"எம்பொண்ணுக்காக அழுவறாங்க பாரு. நல்ல மனசு" என்றாள் ரஞ்சிதம்.

மிஸ் சொன்னபடி கடிதம் எழுதினாள். சற்குணம் இரண்டு வருஷம் சென்னையில் படித்து அதே பள்ளிக்குத் திரும்பினாள். 1949 ஆடியில் புத்தகம் தபாலில் வந்தது. முன்னுரையில் அவள் பெயர் போட்டு நன்றி சொல்லியிருந்தது. உள்ளே, பிள்ளையை இழந்த ஆயாவின் துயரத்தை மிஸஸ் கார்வெல் தன் துயரமாகவே சுமந்தாள் என்று ஒரு பாரா. கமலாவின் பெயர் எங்கும் இல்லை.

இரண்டு வாரம் அதை அலமாரியில் வைத்திருந்தாள். பிறகு எடுத்துக்கொண்டு மலைப்படிக்குப் போனாள்.

"என்னா எழுதியிருக்குது?" என்றாள் ரஞ்சிதம்.

எதை வேண்டுமானாலும் படித்துக் காட்டியிருக்கலாம். கிழவிக்கு எழுத்துத் தெரியாது. சற்குணம் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"நான் சொன்னதை நீ அவங்க கிட்ட சொல்லலியா?"

"சொல்லல."

ரஞ்சிதம் ஒருவனுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"அப்போ அவங்க எதுக்கு அழுதாங்க?"

சற்குணம் புத்தகத்தை மூடினாள்.

"நீங்க போங்க டீச்சர்" என்றாள் ரஞ்சிதம். அதுவரை அவளைக் கண்ணு, நீ என்று மட்டுமே கூப்பிட்டவள்.

அன்றே சற்குணம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு மிஸ்ஸுக்கு எட்டுப் பக்கம் எழுதினாள். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. இத்தனை காலம் ஆனபின் கிழவியின் ஞாபகம் பிசகுவது இயற்கைதான் என்றும், அன்று சற்குணம் கூட இருந்து மொழிபெயர்த்துச் சொன்னதையே தான் நம்புவதாகவும் மிஸ் எழுதியிருந்தாள். அடுத்த பதிப்பிலும் மாற்றம் இருக்காது.

கடிதத்தோடு சற்குணம் மலைப்படி வரைக்கும் போனாள். ரஞ்சிதம் அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, படியேற வந்தவர்களுக்கு மோர் ஊற்றத் திரும்பிக்கொண்டாள்.