பூமியை ஆட்டிய தம்பி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது எனக்குத் தானாகத் தோன்றிய கதை இல்லை. அடுத்த வீட்டு அக்கா கேட்டு வாங்குகிற கதை. அவருக்குப் பூமி சுழலும் அச்சு எவ்வளவு தள்ளாடுகிறது என்று கணக்கிடும் அலுவலகத்தில் வேலை. "நீங்கதான் கதை எழுதுறீங்களே, கதையிலயாவது என் தம்பி எங்கிட்ட பேசட்டும்" என்றார்.

2

தொடக்கம், முதல் முயற்சி: பூமி ஒழுங்காகச் சுழல்வதில்லை. துணியெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துகொண்ட வாஷிங் மெஷின் மாதிரி அது…

(இது கட்டுரை. வேண்டாம். ஆனாலும் கொஞ்சம் தெரிந்தாக வேண்டும். கடலும் காற்றும் அழுத்துகின்றன, பனி உருகுகிறது, ஆழத்தில் பாறை நகர்கிறது, நிலத்தடியிலிருந்து இறைத்த நீர் கடைசியில் கடலுக்குப் போகிறது. எடை இடம் மாற மாற அச்சும் அசைகிறது.)

இரண்டாம் முயற்சி: அக்காவின் தம்பி போர்வெல் போடுகிறவர். சொந்த லாரி. அக்கா தன் வேலையைப் பற்றிப் பேச முதன்முதலாக மேடையேறிய அன்று, தன் ஆட்களையெல்லாம் இஸ்திரி போட்ட சட்டையில் கூட்டிவந்து முன் வரிசையில் உட்காரவைத்திருந்தார். நிலத்தடி நீர் பற்றிய படம் திரையில் வந்ததும் அக்காவுக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது.

"பூமிய ஆட்டுற குற்றவாளி இதோ முன்னாலயே உக்காந்திருக்கான்!"

அரங்கமே சிரித்தது. தம்பியும் சிரித்தார். சாப்பாட்டுக்கு மட்டும் இருக்கவில்லை. அதோடு பேச்சு நின்றது.

3

[போன் அடித்தது. "ஹலோ அக்கா, நடந்ததையெல்லாம் மறந்து நாம்—]

அக்கா தாளைத் திருப்பிக் கொடுத்தார். "அவன் எங்க ஹலோ சொல்வான்? எடுத்ததும் 'சாப்டியா'ம்பான்."

"நீங்களே கூப்பிடலாமே அக்கா."

"கூப்பிட்டேன். அவன் பொண்டாட்டி எடுத்து, அவரு வெளிய போயிருக்காருன்னா. பின்னாடி அவன் இருமுறது கேட்டுச்சு."

நான் அந்தத் தாளை மடித்து வைத்தேன்.

"உலகமே தண்ணி இறைக்குது. அதுல அவன் பங்கு கண்ணுக்கே தெரியாது. அத அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொன்னா, நான் போட்ட போரெல்லாம் அவ்ளோதானான்னு அதுக்கும் கோச்சுக்குவான்." சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

4

[காலிங் பெல் அடித்தது. வாசலில் தம்பி—]

"பெல்லா? தெருவுல இருந்தே கத்துவான் அவன்."

இப்படியே வடிவங்கள் பெருகுகின்றன. அக்கா வேலை முடிந்து வருகிற வழியில் தவறாமல் எட்டிப் பார்க்கிறார், படிக்கிறார், கோடு போட்டு அடிக்கிறார். நான் இப்போது டீக்கு இரண்டு டம்ளர் எடுத்துவைக்கிறேன்.*

* இந்த வரியை அக்காவுக்குக் கொடுக்கும் பிரதியில் எடுத்துவிடுவேன். அவரைத் தவிர என் வீட்டுக்கு வருகிறவர் யாருமில்லை. சில நாள் வேண்டுமென்றே தம்பியைத் தப்பாகப் பேசவைக்கிறேன்.

5

ஆகவே முடிவை எழுத நான் லாயக்கில்லை. வாசகர்களிடம் விட்டுவிடலாம் என்றால் அவர்களுக்கும் உரிமையில்லை, ஒருவரைத் தவிர. ஐயா, இது எப்படியோ உங்கள் கைக்கு வந்திருந்தால் ஒரு வார்த்தை. நீங்கள் பேசிவிட்டால் அக்காவுக்கு இந்தக் கதை தேவைப்படாது. என் வீட்டுக்கும் வரமாட்டார். அது தெரிந்துதான் கேட்கிறேன்.

கூப்பிடுங்கள்.