நாலு டயரிலும் நியாயமாக இறங்கிய காற்று

எழுதியிருப்பதை அப்படியே நம்புகிற ஆள் நான். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து அளவு குறிக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். மீட்டர் காட்டுவதுதான் கணக்கு. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று மூக்கால் அழுதாலும் ஒரு யூனிட் குறையாது. அதனால், எங்கள் பழைய வேனின் டயர் ஓரத்தில் அறுபத்தைந்து என்று அச்சாகியிருப்பதைப் பார்த்ததும் நான் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. நாலு டயரிலும் அறுபத்தைந்து காற்று அடித்தேன்.

டயர் கடை வைத்திருக்கும் என் மைத்துனன் அன்றைக்கே சொன்னான், "அத்தான், அது அந்த டயர் தாங்கற உச்ச அளவு. நீங்க அடிக்க வேண்டிய அளவு இல்லை" என்று. என் மனைவிக்குத் தம்பி, எனக்கு இளையவன், எனக்கே பாடமா என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வேனுக்குள் ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மடக்கு மேசை எல்லாம் உண்டு. பக்கவாட்டுக் கதவை இரண்டு தடவை இழுத்துச் சாத்தினால்தான் மூடும். எங்கே நிறுத்துகிறோமோ அதுவே வீடு என்கிற நினைப்பே எனக்குப் போதை மாதிரி. ஆனால் வாங்கும்போதே மனைவியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

"உன் முதுகுக்கு ஒத்துக்கலைன்னா சொல்லிடு. அன்னிக்கே வித்துடறேன்."

அவள் தையல் மிஷின் முன்னால் குனிந்தே காலம் தள்ளியவள். கீழ் முதுகில் எலும்பு விலகி ஒரு வருடம் படாத பாடு பட்டிருக்கிறாள். "அதெல்லாம் எப்பவோ சரியாப் போச்சு" என்றாள். சொன்னால் சொன்னபடி விற்றுவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். அந்த வேனை நான் தடவித் தடவித் துடைப்பதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

வேனில் ஏறிய நாளிலிருந்து அவளுக்கு இயற்கை மேல் திடீர்ப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு குளத்தைக் கண்டால் நிறுத்தச் சொல்வாள். பாலத்தைக் கண்டால் நிறுத்தச் சொல்வாள். ஒரு தடவை காலி மைதானம் ஒன்றைக் காட்டி, "என்னமா விரிஞ்சு கிடக்கு பாருங்க" என்றாள். இறங்கி, இடுப்பில் கை வைத்துப் பின்னால் சாய்ந்து வானத்தைப் பார்ப்பாள். ஊர் எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலையோரம் ஒரு பெரிய மரம் இருக்கிறது. அங்கே போக வர இரண்டு தடவையும் நிறுத்தியாக வேண்டும்.

"போன வாரம்தானே இதைப் பார்த்தே?"

"போன வாரம் இவ்வளவு துளிர் இல்லை."

இதற்கிடையில் காற்று இறங்க ஆரம்பித்தது. மாலையில் அறுபத்தைந்து அடித்துவிட்டுப் படுத்தால், மறுநாள் கிளம்பும்போது நாற்பத்தைந்து காட்டும். போய்த் திரும்பியதும் மறுபடி அடிப்பேன். மறுபடி நாற்பத்தைந்து. கடல் பார்க்க ஒரு நீண்ட பயணம் திட்டம் போட்டிருந்தோம். இப்படி நாலு டயரும் ஓட்டையாக இருந்தால் எங்கே போவது? எரிச்சலோடு வண்டியை மைத்துனன் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

அவன் முதல் வேலையாக எல்லா டயரையும் தொட்டுப் பார்த்தான். பின் டயரில் வைத்த கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான்.

"சுடுது அத்தான். பின்பக்கம் இருக்கற எடைக்கு இந்தக் காத்து பத்தாது. இப்படியே கடலுக்குக் கிளம்பினீங்க, பாதி வழியில வெடிச்சிடும்."

பிறகு நாலையும் கழற்றித் தொட்டித் தண்ணீரில் ஒவ்வொன்றாக முக்கினான். ஒரு குமிழி கூட வரவில்லை. வால்வில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தான். அதுவும் கப்சிப்.

"ஓட்டைன்னா ஒரு டயர்ல அதிகமா இறங்கும், ஒண்ணுல கம்மியா இறங்கும். உங்களுக்கு நாலுலயும் சொல்லி வச்ச மாதிரி ஒரே அளவு இறங்கியிருக்கு. ஓட்டை இவ்வளவு நியாயமா நடந்துக்காது அத்தான். யாரோ திறந்து விடறாங்க."

எனக்கு உடனே எதிர்வீட்டு வக்கீல் ஞாபகம் வந்தார். வேன் நிற்பதால் தன் வீட்டு வாசல் களையிழந்து போனதாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறவர். ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று, அன்று மாலையும் அறுபத்தைந்து அடித்து வைத்துவிட்டு, மறுநாள் காலை சமையலறை ஜன்னலோரம் காபியோடு ஒளிந்து நின்றேன். வக்கீல் வெளியே வந்தார், செடிக்குத் தண்ணீர் ஊற்றினார், உள்ளே போய்விட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அப்போதுதான் என் மனைவி குப்பைக் கூடையோடு வாசலுக்குப் போனாள். கூடையை ஓரமாக வைத்தாள். கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினாள். முன் சக்கரத்தின் பக்கத்தில், கையை வண்டியில் ஊன்றி, வலியோடு மெதுவாக உட்கார்ந்தாள். புஸ்ஸென்று சத்தம் கேட்டது. ஏதோ ஒரு பாட்டின் முதல் இரண்டு வரியை முணுமுணுத்தாள். வரி முடிந்ததும் ஊசியை எடுத்தாள். அடுத்த சக்கரத்துக்குப் போய் அதே இரண்டு வரி. வீட்டில் எதைப் பங்கு வைத்தாலும் ஒருவருக்கும் குறை வைக்காத கை அது.

கோபம் எனக்குத் தலைக்கு ஏறியது. காபியை வைத்துவிட்டு வெளியே போனேன்.

"நீதானா?"

அவள் திடுக்கிடவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுவதற்கு அவளுக்கு நேரம் பிடித்தது. அவள் எழுந்த விதத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

"வலிக்குதா?"

"குழியில விழும்போதெல்லாம் யாரோ முதுகுல சுத்தியால அடிக்கற மாதிரி இருக்கு. காத்து இறக்கினா கொஞ்சம் தேவலை."

"அந்த மரம், குளம் எல்லாம்?"

"மரமும் நல்ல மரம்தான்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவள் மேலா, வண்டி மேலா, என் மேலேயா என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. இத்தனை நாள் பக்கத்து இருக்கையில் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் சாலையைப் பார்த்து விசில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கக் கதவைத் திறந்தேன். மெத்தையை இழுத்து வெளியே போட்டேன். தலையணை, பாத்திரம், மடக்கு நாற்காலி எல்லாம் வாசலுக்கு வந்தன.

"என்ன பண்றீங்க?"

"சொன்னேன்ல, ஒத்துக்கலைன்னா வித்துடறேன்னு. இன்னிக்கே வித்துடறேன்."

"இதுக்குத்தான் சொல்லலை."

"இந்த ஓட்டை வண்டிக்காக நீ முதுகை ஒடிச்சுக்குவியா?"

"உங்க வண்டிக்காக யார் ஒடிச்சுக்கிட்டா? எனக்காகத்தான்." அவள் தலையணையை எடுத்துத் தூசி தட்டி, திரும்ப வேனுக்குள் வைத்தாள். "வீட்டுல நீங்க பேப்பரும் டிவியுமா இருப்பீங்க. நான் கேட்டா ம், ம்னு சொல்வீங்க. இந்த வேனுக்குள்ளதான் எங்கிட்ட வாய் திறந்து பேசறீங்க. இதை வித்துட்டு என்னை அந்த ம்மோட விட்டுட்டுப் போகப் போறீங்களா?"

மெத்தையின் ஒரு நுனியைப் பிடித்தேன். அவள் குனிய வந்தாள், வேண்டாம் என்று தடுத்து நானே உள்ளே தள்ளினேன்.

அன்று மதியமே மைத்துனன் கடைக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டு அவன் அக்காவைத் திட்டினான், பிறகு என்னைத் திட்டினான், பிறகு மூன்று பேருக்கும் டீ சொன்னான். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"இருக்கறதுலயே மெத்துன்னு இருக்கற டயரைப் போடு. காருக்குப் போடற மாதிரி."

"போட்டா அக்காவுக்கு ஜம்முன்னு இருக்கும். கொஞ்ச தூரத்துக்கு. இந்த எடைக்குக் கார் டயர் பக்கவாட்டுல பிதுங்கிடும் அத்தான். அன்னிக்கு உச்ச அளவுல நின்னீங்க, இன்னிக்கு அடியில போய் நிக்கறீங்க. வண்டி எவ்வளவு கனம்னு முதல்ல பார்ப்போம்."

பழைய இரும்புக் கடையில் லாரிகளை நிறுத்துகிற எடை மேடை ஒன்று இருந்தது. பயணத்துக்கு எப்படிப் போவோமோ அப்படியே வரச் சொன்னான்: தண்ணீர் நிரப்பி, அடுப்பின் சிலிண்டரோடு, நாங்கள் இருவரும் உட்கார்ந்து. முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை.

"எங்க ரெண்டு பேர் எடையைத் தனித்தனியா சத்தம் போட்டுப் படிக்க வேண்டாம்" என்றாள் மனைவி.

முன்பக்கம் ஆயிரத்து நூறு கிலோ. பின்பக்கம் ஆயிரத்து எழுநூறு. மைத்துனன் பின்கதவைத் திறந்து பார்த்தான். என் ஸ்பேனர் பெட்டி, இரண்டு ஜாக்கி, போல்ட் நிறைந்த டப்பாக்கள், எதற்கும் இருக்கட்டும் என்று வைத்த ஒரு பழைய டைனமோ.

"கடலுக்குப் போறீங்களா, கடல் ஓரமா ஒர்க்‌ஷாப் வைக்கப் போறீங்களா?"

மனைவி சிரித்த சிரிப்பில் எடை மேடைக்காரரும் சேர்ந்துகொண்டார். அத்தியாவசியமான ஒரு சின்னப் பையைத் தவிர மற்றதையெல்லாம் நானே இறக்கினேன். பின்பக்கம் ஆயிரத்து அறுநூறுக்கு வந்தது.

கடைக்குத் திரும்பியதும் அவன் என் பழைய டயரின் ஓரத்தில் விரலை வைத்தான். தரையைப் பிடிக்கிற பட்டன் தேயவில்லையே, இன்னும் ஓடுமே என்று நான் இழுத்துக்கொண்டிருந்த டயர்கள். ரப்பரில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. வெடிப்புக்குப் பக்கத்தில் நாலு இலக்கத்தில் ஒரு எண்.

"முதல் ரெண்டு எண், செஞ்ச வாரம். அடுத்த ரெண்டு, செஞ்ச வருஷம். உங்க பொண்ணு காலேஜ் சேர்ந்த வருஷம் இது. அவ பிள்ளை இப்ப ஸ்கூலுக்குப் போறான். எழுதியிருக்கறதை நம்பற ஆளாச்சே நீங்க, இதையும் நம்புங்க."

நம்பினேன். எடை சுமக்கிற வேன்களுக்கென்றே செய்த புது டயர் நாலு எடுத்தோம். டயர் கம்பெனி அட்டவணையில் எங்கள் எடைகளைத் தேடி விரலை ஓட்டினான் அவன். முன்னால் நாற்பத்திரண்டு போதும். பின்னால் அறுபது வேண்டும்.

என் மனைவி அந்த அட்டவணையை வாங்கிப் பார்த்தாள். "முன்னாடி நாப்பத்திரண்டா? நான் ஊசியால வச்சது நாப்பத்தஞ்சு."

"ஆமாக்கா. முன்னாடி அத்தான் தேவையில்லாம கல்லு மாதிரி வச்சிருந்தாரு. உன் முதுகு கிட்டத்தட்ட சரியா கண்டுபிடிச்சிருச்சு. பின்னாடியும் சேர்த்து இறக்கினே பாரு, அதுதான் வினை. இனிமே நாலையும் ஒரே மாதிரி நடத்தாதே."

மறுவாரம் கடலுக்குக் கிளம்பினோம். காற்றளவு பார்க்கிற கருவி இப்போது அவள் கைப்பையில் இருக்கிறது. வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் அவள்தான் பார்க்க வேண்டும் என்பது புது ஏற்பாடு. குனிவதற்குப் பதில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். எதிர்வீட்டு வக்கீல் வேலி வழியாகப் பார்த்துவிட்டு, நல்லபடியாகப் போய்வாருங்கள் என்றார். அவரைச் சந்தேகப்பட்டதற்காக நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்து வைத்தேன்.

ஊர் எல்லையிலிருந்த குழிகளில் இறங்கி ஏறினோம். நான் சாலையை விட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் மகள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். குழிகளுக்காகக் கதை நிற்கவில்லை. தூரத்தில் அந்தப் பெரிய மரம் தெரிந்தது. நான் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தேன்.

"மரம் வருது. நிறுத்தட்டுமா?"

"எந்த மரம்?" என்றாள். அப்புறம் பார்த்தாள். "அது எங்கயும் ஓடிடாது. நீங்க ஓட்டுங்க, நான் சொல்லி முடிக்கறேன்."

ஓட்டினேன். மரம் பக்கத்தில் வந்து, பின்னால் போனது. பக்கக் கண்ணாடியில் அதை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். இத்தனை தடவை அதனடியில் வண்டியை நிறுத்திவிட்டு முணுமுணுத்திருக்கிறேன், ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்ததில்லை. நல்ல மரம்தான்.