நனையாமல் நின்றவர்

திங்கட்கிழமை என்றால் போதகர்களுக்கு ஓய்வு நாள். ஊரே அலுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பும் காலையில், போதகர் மட்டும் சவரம் செய்யாத முகத்தோடு சோபாவில் கால் நீட்டிக் கிடக்கலாம். நம்முடைய போதகர் இருபது வருஷம் அந்தச் சுகத்தை அனுபவித்தவர். இப்போது வாரத்தில் ஏழு நாளும் திங்கட்கிழமையாகிவிட்டது. சுகம்தான் போன இடம் தெரியவில்லை.

பழைய சபையில் அவரை யாரும் விரட்டவில்லை. "இளைஞர்களுக்கு ஏற்ற மாதிரி ஒருத்தர் வந்தா நல்லது" என்று கூட்டத்தில் பேச்சு அடிபட்டது. குறிப்பறிந்து அவரே விலகிக்கொண்டார். பாப்டிஸ்ட் சபைகளுக்கு மேலிடம் யாரையும் நியமித்து அனுப்பாது. சபையாரே கூடி, ஓட்டுப் போட்டுப் போதகரை அழைப்பார்கள். இன்னொரு ஊர்ச் சபையில் அவர் ஒரு பிரசங்கம் செய்துவிட்டு வந்திருந்தார். வரும் ஞாயிறு அங்கே ஓட்டெடுப்பு. அதுவரை மைத்துனர் வீட்டு மாடியில் இரண்டு அறை, பாதி பிரித்த அட்டைப்பெட்டிகள், அடிக்காத செல்போன்.

செவ்வாய்க்கிழமை மனைவி சொன்னாள்: "இஸ்திரிப் பெட்டி எதுல இருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன். சும்மாதானே இருக்கீங்க."

சும்மா என்ற சொல் சுருக்கென்று தைத்தது. எழுந்து போய்ப் பெட்டிகளைப் பிரித்தார். மூன்றாவது பெட்டியில் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில், மடித்து வைத்த கறுப்பு ரப்பர் உடுப்பு கிடந்தது. காலில் பூட்ஸ், மேலே மார்புவரை கால்சட்டை, தோளுக்கு இரண்டு வார்கள், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. ஞானஸ்நானம் கொடுக்கும்போது போதகர் அங்கிக்குள் போட்டுக்கொள்வது. பழைய சபையின் சொத்து. அவசரத்தில் அதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிரசங்க மேடையின் பலகைகளைத் தூக்கினால் அடியில் தொட்டி. மார்பளவு தண்ணீர். எத்தனை பேரை அதில் முழுக்கி எடுத்திருப்பார்! மூக்கைப் பிடித்துக்கொள்ள மறந்து இருமித் தீர்த்த வாத்தியார், தண்ணீரிலிருந்து எழுந்ததும் காரணமே இல்லாமல் சிரித்த கல்யாணப் பெண், ஒருவர் கையை ஒருவர் விடமாட்டோம் என்று சேர்ந்தே இறங்கிய இரட்டையர்கள். படியில் நடுங்கும் ஒவ்வொருவரிடமும் அவர் சொல்வது ஒன்றுதான்: "ஒண்ணும் இல்ல, ஒரு நிமிஷம்தான்." அந்தத் தொட்டியருகே நின்ற நாட்களில்தான் தான் எதற்கோ பயன்பட்டதாக அவருக்குத் தோன்றியது. மறுபடி அங்கே நிற்க மாட்டோமா என்று மனசு அடித்துக்கொண்டது.

ஒரே ஒரு குறை உண்டு. அவருடைய உயிர் நண்பர் எலக்ட்ரீஷியன். சபையின் விளக்கு, மைக், தொட்டியின் ஹீட்டர் எல்லாம் அவர் கைவண்ணம். பழுது பார்க்கக் காலித் தொட்டிக்குள் எத்தனையோ முறை இறங்கியவர். தண்ணீர் நிறைந்த தொட்டிக்குள் ஒருமுறைகூட இறங்கியதில்லை. மனைவிக்காகக் கடைசி வரிசையில் வந்து உட்காருவார். ஞானஸ்நானப் பேச்சை எடுத்தால், "மைக்ல கரகரன்னு சத்தம் வருது, பார்த்துட்டு வரேன்" என்று நழுவிவிடுவார். போதகரும் விடாக்கண்டராக இருபது வருஷம் கேட்டுப் பார்த்தார்.

வியாழக்கிழமை செல்போன் அடித்தது. ஓட்டெடுப்பு விஷயமோ என்று பாய்ந்து எடுத்தார். பேசியது பழைய சபையின் புதுப் போதகர்.

"ஐயா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். அந்த ரப்பர் டிரஸ் எங்கேயும் காணோம். ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம் வெச்சிருக்கேன்."

"அப்படியா, சந்தோஷம். யாருக்கு?"

"நம்ம எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு. அவரே வந்து கேட்டாருங்க ஐயா."

போதகருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இவர் உழுது விதைத்துத் தண்ணீர் பாய்ச்சி இருபது வருஷம் காத்துக் கிடக்க, நேற்று வந்த பிள்ளை அறுவடை செய்வதா? ரப்பர் உடுப்பு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரியலையே தம்பி," என்றார். "தேடிப் பார்க்கிறேன்."

போனை வைத்தபின் திரும்பினால் மனைவி வாசலில் நிற்கிறாள். உடுப்பை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வெள்ளி முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பொய் சொன்னதைவிட, நண்பனுக்கு நல்லது நடக்கிறபோது மனசு சந்தோஷப்பட மறுத்ததே அவரை அதிகம் அரித்தது.

சனிக்கிழமை பழக்கப்பட்ட குரல் தெருவிலிருந்து கேட்டது. "பாஸ்டர்! டிரஸ் கிடைச்சிடுச்சு போல!"

போதகர் பால்கனிக்கு ஓடினார். கொடியில் ரப்பர் உடுப்பு, தலையில்லாத ஆள் மாதிரி தெருவைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"தேடிக் கஷ்டப்படுறீங்களேன்னு கண்ல படுற மாதிரி மாட்டினேன்," என்றாள் மனைவி.

எலக்ட்ரீஷியன் மூச்சு வாங்க மாடியேறி வந்து உட்கார்ந்தார். போதகர் சுற்றி வளைக்கவில்லை.

"என்கிட்டேயே இருந்துச்சு. தெரியலைன்னு பொய் சொன்னேன். இருபது வருஷம் கேட்டேன், அசைஞ்சு கொடுக்கல. நான் இந்தப் பக்கம் திரும்பினதும் போய் நிக்கிறே. என்ன ஆளுய்யா நீ?"

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். "நீங்க பிரசங்கம் முடிச்சதும் என் மூஞ்சியைத்தான் பார்ப்பீங்க. பார்த்ததும் எனக்கு வீம்பு வந்துடும். இப்போ யாரும் பார்க்கல, யாரும் கேட்கல. கேட்க ஆளில்லாம உட்கார்ந்திருந்தப்போ நீங்க கேட்டதெல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு. வீட்ல ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது அழுதுட்டேன் பாஸ்டர். அவளே பயந்துட்டா."

போதகர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த எரிச்சல் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

"இன்னொரு விஷயம்," என்றார் எலக்ட்ரீஷியன். "அந்தத் தம்பி ஒல்லி. என்னைச் சாய்ச்சா ரெண்டு பேருமா உள்ளே போயிடுவோம். நீங்களும் ஒரு பக்கம் பிடிக்கணும். தம்பிகிட்ட சொல்லிட்டேன், அவருக்குச் சந்தோஷம்தான்."

ஞாயிற்றுக்கிழமை போதகர் வீட்டிலிருந்து கிளம்பிய வேகத்தில் செல்போனை எடுக்க மறந்தே போனார். ஓட்டெடுப்பு நாள் என்ற நினைப்பே இல்லை.

ரப்பர் உடுப்பு ஒன்றுதான் இருந்தது. அதைப் புதுப் போதகருக்குக் கொடுத்து, வாரை இழுத்துக் கட்டியும் விட்டார். இவருக்கு அளவெடுத்தது போல இருந்த உடுப்பு, அவருக்குத் தாடையைத் தொட்டது. பிறகு சாதாரணச் சட்டை, பேண்ட்டோடு போதகர் படியில் காலை வைத்தார். உயிரே போய்விடும்போல் குளிர்ந்தது.

"ஹீட்டர்?" என்றார், பற்கள் தந்தியடிக்க.

எலக்ட்ரீஷியன் அசடு வழிந்தார். "இன்னைக்கு என் நாள்ங்கிற பதட்டத்துல போட மறந்துட்டேன் பாஸ்டர்."

இருபது வருஷமாக இந்தத் தொட்டியில் நனையாமல் நின்றவர் தான் ஒருவர்தான் என்பது அப்போதுதான் போதகருக்கு உறைத்தது. ஹீட்டர் போட்டிருந்தாலும், வந்தவர்கள் எல்லோரும் இந்தத் தண்ணீரில் நனைந்து நடுங்கி, அவரை நம்பிப் பின்னால் சாய்ந்திருக்கிறார்கள். அவரோ ரப்பருக்குள் கதகதப்பாக நின்றுகொண்டு தைரியம் சொல்லியிருக்கிறார். அடுத்த படி இறங்கக் கால் வரவில்லை.

முன்னே இறங்கிவிட்ட எலக்ட்ரீஷியன் திரும்பிக் கையை நீட்டினார்.

"ஒண்ணும் இல்ல பாஸ்டர்," என்றார். "ஒரு நிமிஷம்தான்."

போதகர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.