நிறுத்தி வைத்த வண்டி

தீயணைப்பு வண்டிக் கொட்டகையை ஒட்டிய கூடம்தான் அந்தச் சின்ன ஊருக்கு நீதிமன்றம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் கூடும். நீதிபதி க்ளென் பகலில் டிராக்டர் உதிரிபாகம் விற்கிறவர். கறுப்பு அங்கிக்குக் கீழே அவருடைய சேற்று பூட்ஸ் தெரிந்துகொண்டிருந்தது.

லைல் ஹாகன் வரிசையில் நின்றான். ஆஸ்பத்திரியின் அழுக்குப் படுக்கைத் துணிகளைச் சலவைக்கு ஏற்றிப் போகும் வேன் அவனுடைய பிழைப்பு. முப்பது மைல் வேகத்தில் போகவேண்டிய இடத்தில் தன் சொந்த வண்டியில் நாற்பத்தொன்றில் போனான் என்று அவனுக்கு அபராதச் சீட்டு கொடுத்திருந்தார்கள். அற்பக் குற்றம்தான். ஆனால் ஓட்டுநர் உரிமத்தில் ஏற்கெனவே தண்டனைப் புள்ளிகள் விழுந்திருந்தன. இதுவும் ஏறினால் கம்பெனி அவனிடம் வேன் சாவியைக் கொடுக்காது. அறுபதை நெருங்குகிறவனுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? அதனால்தான் குற்றமில்லை என்று எழுதிப்போட்டு வழக்காட வந்திருந்தான்.

முன்னால் நின்ற பால்பண்ணைக்காரன் டஃபி திரும்பிப் பார்த்தான்.

"முதல் தடவையாய்யா? முகம் ஏன் இப்படி இருக்கு? சர்க்கார் வக்கீல் பொண்ணு வந்து, வேகமா போன குத்தத்துக்குப் பதிலா, ரோட்டுல வண்டிய நிறுத்தி வச்சிருந்தேன்னு சின்னக் குத்தமா ஒத்துக்கிறியான்னு கேக்கும். தலைய ஆட்டிடு. அபராதத்தோட போயிடும், புள்ளி கிடையாது."

"நான் ஓட்டிக்கிட்டுல்ல போனேன்?"

"எல்லாரும்தான் ஓட்டினோம். போன வருஷம் நான் எழுபது மைல் வேகத்துல நிறுத்தி வச்சிருந்தேன்."

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். லைலுக்குச் சிரிப்பு வரவில்லை.

சீட்டு வாங்கிய அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது அவன் விறகு பிளந்துகொண்டிருந்தான். "டோரீன் உங்களத்தான் கேக்கறாங்க, உடனே வாங்க" என்றாள் நர்ஸ். கோடரியைப் போட்டது போட்டபடி கிளம்பினான். முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனைவிக்காக அவன் ஓடிய ஓட்டம் அது ஒன்றுதான். அதையும் ஓடவேயில்லை என்று சொல்லச் சொல்கிறார்கள்.

சுவரோரம் நின்றிருந்த இளவயதுப் போலீஸ்காரன் டெரக் மெல்லப் பக்கத்தில் வந்தான். சீட்டு எழுதியவன் அவன்தான்.

"மிஸ்டர் ஹாகன், உங்க வீட்டம்மா இறந்தத அப்புறம் பேப்பர்ல பாத்தேன். அதே நாள். அங்கதான் போய்க்கிட்டிருந்தீங்களா?"

"ஆமா."

"என்ன அவசரம்னு கேட்டேனே சார்."

கேட்டான்தான். அந்தப் பக்கத்து ஆண்களுக்குப் போலீஸ் நிறுத்தினால் கை ஸ்டீயரிங்கில், வாய்க்குப் பூட்டு. பேச்சுக் கொடுத்தால் இன்னும் நேரமாகும் என்று எல்லோரும் நம்பினார்கள். "ஒண்ணுமில்ல சார், தப்புதான்" என்று சொல்லிவிட்டு, சீட்டு வரும்வரை முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான் லைல்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நானே விளக்கப் போட்டுக்கிட்டு முன்னால போயிருப்பேன். நேரா வாசல்ல கொண்டுபோய் விட்டிருப்பேன்."

லைல் அவனையே பார்த்தான். அப்படி ஒரு வழி இருந்தது என்பதே அவனுக்கு இந்த நிமிஷம்வரை தெரியாது. அவன் போய்ச் சேர்ந்தபோது டோரீனின் முகத்தை மூடியிருந்தார்கள். கை மட்டும் இன்னும் சூடாக இருந்தது. அடுத்த வாரம் அவள் படுத்திருந்த மாடியின் துணி மூட்டைகளையும் அவன்தான் தோளில் சுமந்து வேனில் போட்டான்.

"கேஸ விட்டுடச் சொல்லிப் பாத்தேன் சார். முடியாதுங்கறாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டான் டெரக்.

வக்கீல் பெண் வந்து, டஃபி சொன்னதையே சொல்லிவிட்டுப் போனாள். பேரைக் கூப்பிட்டார்கள்.

"லைல், அன்னிக்கு ரோட்டுல வண்டிய நிறுத்தி வச்சிருந்தேன்னு ஒத்துக்கிறியா?" என்று தாளைப் பார்த்தபடியே கேட்டார் க்ளென்.

இல்லை என்று சொல்லத்தான் வந்திருந்தான். பறந்துதான் போனேன், அவளுக்காகப் போனேன் என்று ஊரறியச் சொல்ல நாக்கு துடித்தது. வேன் சாவி நினைவுக்கு வந்தது. அதற்கு மேல், டெரக் சொன்னது வந்தது.

"ஒத்துக்கிறேன் க்ளென்" என்றான். "அங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன். அவ உயிர் போகும்போது ரோட்டோரத்துல வண்டிய நிறுத்திட்டு வாயத் தொறக்காம உக்காந்திருந்தேன்."

க்ளென் தலையைத் தூக்கினார். யாரும் சிரிக்கவில்லை. டஃபி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

உரிமத்தில் புள்ளி ஏறவில்லை. மறுநாள் விடிந்ததும் லைல் வேனை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் துணி ஏற்றப் போனான்.